அப்பா போடாத பதில்

அது கண்டக்டர் சொன்னது இல்லைங்ணா, நான் சொன்னது. "படியில நிக்கிறவங்க உள்ள வாங்க, உள்ள வந்தா உக்காந்தே போலாம்" என்றது. மூக்கால் கொஞ்சம், தொண்டையால் கொஞ்சம், முடிவில் ஒரு விசில். பாருங்க, அந்தப் பெரியவர் நம்பி உள்ளே வந்தே விட்டார். கண்டக்டர் இந்தப் பக்கம் திரும்புகிறார், நீங்க பேசாமல் ஜன்னலைப் பாருங்க.

கோபிக்குத்தானே போறீங்க? நானும் கோபியில்தான் இறங்கணும். கழுத்தில் அட்டை தொங்குகிறதே, கம்ப்யூட்டர் கம்பெனிங்களா? அப்படியென்றால் உங்களிடம் ஒன்று கேட்கணும். சிரிக்கக் கூடாது. இந்தப் பையில் லேப்டாப் இருக்கிறது. இதில் நான் ஒரு புரோகிராம் எழுதினேன். அது ஒருநாள் நான் எழுதாததைத் தானாகவே எழுதிவிட்டது. எங்கப்பா பேசுகிற மாதிரியே எழுதிவிட்டது. அப்படி நடக்குமாங்ணா? நடக்காது என்று நீங்க ஒரு வார்த்தை சொன்னால் போதும், இதை நிம்மதியாக மடியில் வைத்துக்கொள்வேன். இருங்க, உடனே சொல்ல வேண்டாம். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்க.

என் பேர் சர்வேஷ். பிளஸ் ஒன் முடிச்சு பிளஸ் டூ போயிருக்கிறேன். எனக்கு எல்லார் குரலும் வரும்ங்ணா. பி.டி. சார் குரலில் சத்தம் போட்டு ஒரு வகுப்பையே மைதானத்தைச் சுற்றி ஓட விட்டிருக்கிறேன். பி.டி. சார் அப்போது பரோட்டா சாப்பிட வெளியே போயிருந்தார். பக்கத்து வீட்டு அம்மா குரலில் கூப்பிட்டால் அவங்க வீட்டு நாயே எழுந்து வரும். வராத குரல் ஒன்றே ஒன்றுதான், எங்கப்பாவோடது. அவர் பேசினால்தானே வரும்?

எங்கப்பா குழந்தைவேல். தாராபுரத்தில் மாட்டுத் தீவனக் கடை. புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை எல்லாம் கிடைக்கும், பதில் மட்டும் கிடைக்காது. விலை குறையுங்களா என்று கேட்டால், "பாத்துக்கலாங்க." அம்மா வந்து மழைக்கு ஓடு ஒழுகுது என்றால், "பாத்துக்கலாம்." எங்கக்காவுக்கு எத்தனையோ இடத்திலிருந்து ஜாதகம் வந்தது. எல்லாருக்கும் அதே பாத்துக்கலாங்கதான். அவங்களும் எத்தனை நாள் பார்ப்பாங்க? வேற வீட்டில் பார்த்துக்கொண்டார்கள். கெட்ட மனசு இல்லைங்ணா. ஒரு வார்த்தை விட்டுவிட்டால் திரும்ப வாங்க முடியாதே என்கிற பயம். எங்க வீட்டில் பயம் பரம்பரையாக வருகிறது.

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் என்னைக் கடையில் உட்கார வைத்தார். கல்லாவில் இல்லை, கம்ப்யூட்டரில். இதே லேப்டாப்தான். தினமும் ஒரே வேலை. பில்லையெல்லாம் பேர் மாற்றி அந்தந்த ஃபோல்டரில் போடணும். காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்து ஒவ்வொரு பால்காரருக்கும் இன்றைய விலை அனுப்பணும். செய்து செய்து எனக்கே கொட்டாவி. அப்போதுதான் பைத்தான் கற்றுக்கொடுக்கிற வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. அதில் ஒருத்தர் வருவார், "வணக்கம் நண்பர்களே, இது ரொம்ப ஈஸி நண்பர்களே, நாம தினமும் கையால செய்யுறத கம்ப்யூட்டரே செய்யும் நண்பர்களே." நண்பர்களே என்கிற இடத்தில் மட்டும் அவருக்கு மூச்சு வாங்கும். நான் முதலில் அவர் குரலைத்தான் கற்றுக்கொண்டேன், பைத்தானை அப்புறம்.

முதல் புரோகிராமே என்னைக் கொன்றுவிடப் பார்த்தது. பேர் மாற்றுவதற்கு எழுதினேன். ஓட விட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் பில் ஃபோல்டர் காலி. ஒன்றுகூட இல்லை. சித்திரை வெயிலில் எனக்கு ஜில்லென்று ஆகிவிட்டதுங்ணா. அப்பா அந்தப் பக்கம் மூட்டை எடை போட்டுக்கொண்டிருக்கிறார். நான் வாய்க்குள்ளேயே அழுகிறேன். எங்கக்காதான் வந்து, "நீ எந்த இடத்துக்குப் போகச் சொன்னியோ அங்கதான்டா போயிருக்கும்" என்று தேடி, வேறொரு ஃபோல்டரில் மொத்தமும் கிடந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

அக்கா பேர் கோகிலவாணி. நாங்க வாணி என்போம். பி.காம். படித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. மத்தியானம் நான் சாப்பிடப் போகிறபோது, அவள்தான் கடையில் வந்து உட்காருவாள். ரொம்ப அமைதி. அப்பா மாதிரி. அவளுக்கென்று ஒரு அபிப்பிராயமும் கிடையாது, பாவம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புரோகிராம் நன்றாக ஓட ஆரம்பித்தது. விலை தானாகப் போகுது, பில் தானாகப் போய் உட்காருது. எனக்குக் கை சும்மா இருக்குமா? அப்பா போனில் சொந்தக்காரங்க குரூப் ஏகப்பட்டது. பதில் போடவில்லை என்றால் கோபித்துக்கொள்வார்கள். எங்கப்பா போடுவது மொத்தமே நாலு வகை. காலை வணக்கம் வந்தால் கும்பிடு. பிறந்தநாளுக்கு வாழ்க வளமுடன். துக்கத்துக்கு ஆழ்ந்த இரங்கல். மற்ற எல்லாவற்றுக்கும் பாத்துக்கலாங்க. வாயால் வராத குரல், அப்படி எழுத்தில் எனக்கு வசமாக மாட்டியது. இது வந்தால் இதைப் போடு, அது வந்தால் அதைப் போடு என்று எழுதி, அப்பா நம்பரில் வாட்ஸ்அப் திறந்திருக்கிற கடை லேப்டாப்பிலேயே ஓடவிட்டேன். ஒரு பயல் கண்டுபிடிக்கவில்லைங்ணா. சித்தப்பா ரெண்டு பேர் வரப்புத் தகராறில் குரூப்பிலேயே சண்டை போட்டார்கள். அவருக்கும் பாத்துக்கலாங்க, இவருக்கும் பாத்துக்கலாங்க. ரெண்டு பேருமே அப்பா தன் பக்கம் என்று நினைத்து அடங்கிவிட்டார்கள். அப்பாவும் சில நேரம் போனை எடுத்துப் பார்ப்பார், தான் போட்டதாகவே நினைத்துக் கீழே வைத்துவிடுவார். நான் மூட்டைக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வருவேன்.

சிரிப்பை அடக்க முடியாமல் அக்காவிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். "இவ்வளவுதானாடா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரே ஒரு குரூப்புக்கு மட்டும் வேற பதில் வெக்க முடியுமா?" என்று கேட்டாள். முடியும்க்கா, குரூப் பேரைப் போட்டு ஒரு வரி சேர்த்தால் போதும் என்று எங்கே சேர்ப்பது என்றும் காட்டினேன். "சும்மா கேட்டேன்" என்றாள். அவளுக்கு என்ன புரிந்திருக்கும்? மரியாதைக்குக் கேட்டிருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் கோபி இடம் வந்தது. மாப்பிள்ளை நந்தகோபால், பால் குளிரூட்டுகிற நிலையத்தில் வேலை. எங்க சரசு அத்தை கொண்டுவந்த ஜாதகம். அத்தை உடனே "கோபி இடம்" என்று ஒரு குரூப் ஆரம்பித்து, அப்பா, சித்தப்பாமார், மாப்பிள்ளையோட தாய்மாமன் எல்லாரையும் அதில் சேர்த்துவிட்டார். தாய்மாமன் கேட்டார், "ஜாதகம் நல்லாப் பொருந்தியிருக்குதுங்க. உங்க முடிவு எப்படிங்க?" வழக்கம்போல் அப்பா பேரில் பாத்துக்கலாங்க போனது. மறுபடி கேட்டார். மறுபடி பாத்துக்கலாங்க. அக்காவிடம் உனக்குப் பிடிச்சிருக்கா என்று கேட்டேன். "அப்பா சொன்னா சரி" என்றாள். சொன்னேனே, அபிப்பிராயமே கிடையாது.

ஒருநாள் நான் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினேன். அக்கா உட்கார்ந்து ஏதோ கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா போன் அடிக்கிறது. எடுத்தால் சரசு அத்தை. "ஏண்டா குழந்தவேலு, பொறந்ததுல இருந்து பாக்கறேன், இப்பத்தான்டா நீ வாயத் தொறந்திருக்கற." அப்பா ஒன்றும் புரியாமல், ம், ம் என்கிறார். வைத்ததும் சித்தப்பா. அதை வைத்ததும் இன்னொரு சித்தப்பா. நான் லேப்டாப்பில் போய்க் குரூப்பைத் திறந்தேன். தாய்மாமன் மூன்றாவது தடவை கேட்டிருக்கிறார். அதற்கு எங்கப்பா நம்பரிலிருந்து ஒரு பதில். எனக்கு மனப்பாடம், சொல்கிறேன் கேளுங்க.

"எங்களுக்கு முழுச் சம்மதமுங்க. வர்ற வெள்ளிக்கிழமை வந்து உறுதி வார்த்தை பேசிக்கலாமுங்க. பொண்ணு வேலைக்குப் போறத மட்டும் எப்பவும் நிறுத்தச் சொல்லக்கூடாதுங்க."

அப்பா போடவில்லை. அவர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நான் போடவில்லை. புரோகிராமைத் திறந்து பார்த்தேன். உள்ளே அந்த வரி இருக்கிறதுங்ணா. நான் எழுதவே இல்லாத வரி. நான் எழுதினால் கோணல்மாணலாக இருக்கும். இது நேராக, இடைவெளி விட்டு, ஆடிட்டர் ஆபீஸ் கணக்கு மாதிரி அத்தனை சுத்தமாக இருக்கிறது. என்னிடமே கற்றுக்கொண்டு என்னைவிட நன்றாக எழுதுகிறது. அதைக்கூட விடுங்க. அக்கா வேலைக்குப் போவது அதுக்கு எப்படித் தெரியும்? நிறுத்தச் சொல்லக்கூடாது என்று அதுக்கு என்ன அக்கறை?

அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கா, இது தானாகப் பேச ஆரம்பித்துவிட்டது என்றேன். அவள் முகமெல்லாம் சிவந்துவிட்டது. அவளுக்கும் பயம்தான் போல. பேனாவைக் கடித்துக்கொண்டே, "அப்பாகிட்ட சொல்லிறாதடா, பயந்துருவாரு" என்றாள்.

அந்த வரியை அழித்தேன். மூடினேன். பிளக்கைப் பிடுங்கினேன். மறுநாள் விலை அனுப்ப வேண்டுமே என்று திரும்ப ஓடவிட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், தாய்மாமன் கேட்டிருக்கிறார், வெள்ளிக்கிழமை வந்துரட்டுங்களா என்று. "வாங்க, காத்திருக்கோமுங்க" என்று பதில் போயிருக்கிறது. உள்ளே திறந்தால் புது வரி. நான் அழித்த அதே இடத்தில். அழித்தது அதுக்குத் தெரிந்திருக்கிறதுங்ணா. அன்றைக்கு எனக்கு ஒருத்தர் குரலும் வரவில்லை. பக்கத்து வீட்டு நாயைக் கூப்பிட்டுப் பார்த்தேன், என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

அதைவிடப் பயம் அப்பாவைப் பார்த்தால்தான். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. போனை எடுப்பார், அந்தப் பதிலைப் பார்ப்பார், வைப்பார். திரும்ப எடுப்பார். கடையைப் பூட்டிவிட்டு நடுவழியில் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அம்மாவிடம் நான் சாப்பிட்டேனா என்று கேட்பார். என்னையே உற்றுப் பார்ப்பார். எனக்குத் தெரிந்துவிட்டது. கண்டுபிடித்துவிட்டார், வெள்ளிக்கிழமை வரட்டும் என்று காத்திருக்கிறார், சொந்தக்காரங்க முன்னாடியே தோலை உரிக்கப் போகிறார். நான் ரெண்டு சட்டை போட்டுக்கொண்டு திரிந்தேன். ஒன்றின் மேல் ஒன்று. அடி கொஞ்சம் குறைவாக விழுமே.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டார்கள். பழத்தட்டு, பூத்தட்டு. நடு வீட்டில் உப்பும் சர்க்கரையும் தயாராக இருக்கிறது. எங்க பக்கம் ரெண்டு வீட்டாரும் உப்புச்சர்க்கரை மாற்றிக்கொண்டால் உறுதி. அதற்கப்புறம் பேச்சு மாறினால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. அதற்கு முன்னாடி அப்பா, "நான் எங்கப்பா சம்மதம்னேன்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அக்காவுக்கு இந்த இடமும் போச்சு. அதுவும் வந்து உட்கார்ந்த பிறகு போன இடம். அக்கா சமையல்கட்டு வாசலில் நிற்கிறாள். கையில் காப்பித் தட்டு, அதில் டம்ளரெல்லாம் கடகடவென்று ஆடுகிறது. தாய்மாமன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார், "அதானுங்க, எத்தனையோ பேரு இழுத்தடிப்பாங்க. உங்களாட்டம் பட்டுனு கைப்பட எழுதிப் போட்டவங்கள நான் பாத்ததில்லைங்க."

அப்பா எழுந்தார். ஒரு நிமிசம் வந்துர்றனுங்க என்றார். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு மொட்டை மாடிப் படியேறினார்.

நான் ஏறினேன் பாருங்க அந்தப் படி, ஜென்மத்துக்கும் மறக்காது. மேலே போனதும், "கதவச் சாத்து கண்ணு" என்றார். சாத்தினேன். கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் போனை என் கையில் கொடுத்தார். அந்தப் பதில் திறந்திருந்தது.

"இத நான் எப்படா போட்டேன்?"

நான் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"எனக்கு ஞாபகமே இல்லடா சாமி. தினமும் எடுத்து எடுத்துப் பாக்கறேன். என்ற நம்பருதான். என்ற பேச்சாட்டத்தான் இருக்குது. போட்டது மட்டும் ஞாபகம் வர மாட்டீங்குது." கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு எங்க தாத்தாவைப் பற்றிச் சொன்னார், "எங்கய்யனுக்கும் இப்படித்தான்டா ஆரம்பிச்சுது. கடேசில என்னையே நீ ஆருன்னு கேட்டாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூட்டை இழுத்தது, சாப்பிட்டேனா என்று கேட்டது, என்னை உற்றுப் பார்த்தது, எல்லாம். என் மேல் சந்தேகமே இல்லை. என் முகம் ஞாபகம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார். அத்தனை நாளும் தன்னை நினைத்தே பயந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல், நடந்திருக்கிறார் மனுசன்.

நீங்கதான்ப்பா போட்டீங்க என்று சொன்னால் என் தோல் தப்பும், அக்கா கல்யாணமும் நடக்கும். இவர் மட்டும் உடைந்துபோவார். கம்ப்யூட்டர் தானாகவே எழுதியது என்றாலும் யார் நம்புவார்கள்? மகனுக்கும் புத்தி போச்சு என்று சேர்த்துப் பயப்படுவார். அதனால் சொன்னேன்.

"நீங்க போடலப்பா. நான் போட்டது. உங்களாட்டவே பதில் போடறதுக்கு ஒரு புரோகிராம் எழுதி வெச்சிருக்கறேன். கும்பிடு போடறதும் அதுதான், பாத்துக்கலாங்கறதும் அதுதான். அந்தக் கடேசிப் பதிலும் நான்தான்ப்பா எழுதினேன்."

கடைசியில் சொன்னது பொய்ங்ணா. ஆனால் அந்தப் பேயை யார் தலையிலாவது கட்டணுமே.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். கீழே இருந்து தாய்மாமன் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அம்மா யாரையோ தண்ணி குடிங்க என்கிறார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணுமில்லப்பா."

"நெசமா?"

"நெசமாத்தான்ப்பா."

கைப்பிடிச் சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். நான் அடி எப்போது விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். என் தலையில் கை விழுந்தது. அடி இல்லை. என்னைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். எழுந்து, படியிறங்கினார்.

நான் பின்னாடியே போய்க் கடைசிப் படியில் நின்றுவிட்டேன். தாய்மாமன், "என்னங்க, உப்புச்சர்க்கரை மாத்திரலாமுங்களா?" என்றார். அப்பா வாயைத் திறக்கிறார். என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? அதையே எழுதி ஓடவிட்டவன் நான். அவரோடு சேர்ந்து என் உதடும் அசைகிறது, பாத்துக்கலாங்க, பாத்துக்கலாங்க என்று. அக்கா தட்டைக் கீழேயே வைத்துவிட்டாள்.

"மாத்திரலாமுங்க" என்றார் அப்பா. கடையில்கூட அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "நான் போட்டது போட்டதுதானுங்க. பொண்ணு வேலைக்குப் போறதும் அதுல சேத்தித்தானுங்க."

மாற்றிவிட்டார்கள். கல்யாணமும் ஆகிவிட்டது. இப்போது அக்கா கோபியிலேயே ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குப் போகிறாள். ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நந்து மாமா தங்கமான மனுசன். முன்னாடி தாராபுரத்தில்தான் வேலை பார்த்தாராம், அக்கா இருந்த அதே ஆடிட்டர் ஆபீசுக்குத்தான் கணக்கு கொடுக்க வருவாராம். கல்யாணத்துக்கப்புறம்தான் எனக்கே தெரிந்தது. உலகம் எவ்வளவு சின்னது பாருங்க. அப்பாவும் நன்றாக இருக்கிறார். இப்போதெல்லாம் விலை கேட்டால் முடியாது என்று நேராகவே சொல்கிறார்.

எனக்குத்தான் தீரவில்லை. அக்கா கல்யாணத்துக்கப்புறம் அந்தப் புரோகிராம் எத்தனையோ நாள் ஓடியது, ஒரு வரிகூடத் தானாக எழுதவில்லை. பூனை மாதிரி படுத்துக் கிடக்கிறது. அதுதான் இன்னும் பயம். எதற்காகக் காத்திருக்கிறது? அடுத்து என் விஷயத்தில் ஏதாவது எழுதிவிட்டால்? அப்பா பேரில் என்னை ராணுவத்தில் சேர்த்துவிட்டால்? அதனால்தான் இதைக் கொண்டுபோய் நந்து மாமாவுக்குத் தெரிந்த கடையில் முழுசாகத் துடைத்துப் போடச் சொல்லலாம் என்று கிளம்பினேன். வருகிறேன் என்று அக்காவுக்குக் காலையில் போன் செய்து, ஏன் வருகிறேன் என்பதையும் சொன்னேன். அது தானாக எழுதியதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா, உனக்குப் பயமாகவே இல்லையா என்று கேட்டேன்.

இப்போது நீங்க சொல்லுங்க. கம்ப்யூட்டர் படித்தவர், உங்களுக்குத் தெரியாததா? யாருமே எழுதாமல் அது தானாக எழுதுமா, எழுதாதா?

ஏனுங்ணா, எதற்குச் சிரிக்கிறீங்க? சிரிக்கக் கூடாது என்று முதலிலேயே சொன்னேனே. போனில் அக்காவும் இப்படியேதான் சிரித்தாள்.